துண்டுக்கடியில் சம்பளம்

அந்த வீட்டில் பல சாமான்கள் இரண்டிரண்டாக இருந்தன. கறவை மாடு இரண்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டு, தீபாவளிக்கு ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று வாங்கிய நீல நிறப் போன் இரண்டு, தருமபுரியில் ஒரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்சும் இரண்டு. மூத்தவன் பச்சியப்பனின் மனைவி சசிகலா. இளையவன் மாதவராஜின் மனைவி நிர்மலா. அதியமான்கோட்டையில் யாரைக் கேட்டாலும் 'நர்சம்மா வூடு' என்று கை காட்டுவார்கள். பதினேழு வருஷம் அந்தப் பேர் சசிகலா ஒருத்தியைத்தான் குறித்தது. இப்போது எந்த நர்சம்மா என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் சும்மாதான் கேட்கிறார்கள். சசிகலாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

சசிகலா டிப்ளமோ படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது கட்டில் போட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். நிர்மலா பி.எஸ்சி. நர்சிங். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து வருஷம் இருந்துவிட்டுப் போன வைகாசியில் கல்யாணமாகி இங்கே வந்தாள். மாதவராஜுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போகிறவன். ஆடியில் நிர்மலாவை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதே சசிகலாதான். மானேஜர் சந்திரமோகனிடம் கூட்டிப்போய், "எங்க வூட்டுப் பொண்ணு சார்" என்று சொல்லி உட்கார வைத்தாள். சம்பளம் பேசும்போது மட்டும் மானேஜர் அவளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சம்பளம் ஏறும் நாள். இருவருக்கும் மதிய ட்யூட்டி. ஒன்பது மணியாகியும் பனி விலகவில்லை. மாட்டுத் தரகரான பச்சியப்பன் விடியலிலேயே காரிமங்கலம் சந்தைக்குப் போய்விட்டான். நிர்மலா குளித்துக்கொண்டிருந்தாள். சசிகலா அவரைக்கொட்டைக் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது ஃப்ரிட்ஜ் மேலிருந்த போன் 'டிங்' என்றது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி பெயரில் வரவு. இருபத்தோராயிரத்து ஐந்நூறு.

அவள் சம்பளம் பதினாலாயிரத்து இருநூறு. இரண்டு தடவை படித்தாள். போன வாரம் டாக்டரம்மா வார்டைத் தாண்டிப் போகும்போது, "சசி இருந்தா எனக்குக் கவலை இல்ல" என்று தோளில் தட்டிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அதற்கு அர்த்தம் இதுதானா என்று நினைத்ததும் கண் கலங்கியது. பதினெட்டு வருஷம் வாயைத் திறந்து கேட்காமல் இருந்ததற்குக் கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார். அந்த வீட்டில் போனுக்குப் பூட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த நம்பரை அழுத்திப் பச்சியப்பனைக் கூப்பிட்டாள். பின்னால் மாடு கத்துவதும் ஆட்கள் இரைவதும் கேட்டது.

"ஏங்க, நான்தான். சம்பளம் ஏத்திட்டாங்க. இருபத்தொண்ணரை போட்டிருக்காங்க."

"என்னாது?"

"இருபத்தொண்ணரைங்க."

"அட்ரா சக்க. இரு இரு, வரும்போது கறி எடுத்தாறேன். மசாலா அரச்சி வையி." சந்தைக் கூச்சலில் அவன் குரல் போய்ப் போய் வந்தது. "அது சரி, எதுக்கு நிர்மலா போன்ல இருந்து கூப்பிடற?"

சசிகலா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஒகேனக்கல் பரிசலில் மாதவராஜும் நிர்மலாவும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சசிகலாவின் போன் ட்யூட்டிப் பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அதிலும் வரவு வந்திருந்தது. பதினாலாயிரத்து இருநூறு.

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. சசிகலா நிர்மலாவின் போனை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்தாள். பச்சியப்பனைத் திரும்பவும் தன் போனில் கூப்பிட்டாள், போகவில்லை. பதினொரு மணிக்கு அவன் ஒரு கிலோ கறியோடு வந்து இறங்கினான். மாட்டுக் கொட்டகைக்குள் அவனை இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் கறிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.

"வாங்கியாச்சே, இப்ப என்னா பண்றது?" என்றான்.

ஆக்கித் தின்றார்கள். நிர்மலா எலும்பைக் கடித்துக்கொண்டே, "செவ்வாக்கெழமையும் அதுவுமா என்னாக்கா விசேஷம்?" என்று கேட்டாள்.

"மாமா நல்ல வெலைக்கு ஒரு ஜோடி வித்தாரு" என்றாள் சசிகலா. தன் சம்பளம் ஏறிவிட்டதென்று எடுத்த கறியை, உண்மையில் அந்தச் சம்பளம் வாங்குகிறவளே உட்கார்ந்து தின்கிறாள். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலமே தன் போனின் முதுகில் ஆஸ்பத்திரி வெள்ளை பிளாஸ்திரி ஒரு துண்டை ஒட்டி, அதன் மேல் பேனாவால் 'ச' என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. களி கிண்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி சூட்டுத் துணியால் சட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஒருத்தி துடுப்பால் கிண்ட வேண்டும். நிர்மலா வந்த நாளிலிருந்து அவள் பிடிப்பாள், சசிகலா கிண்டுவாள். துடுப்பில் ஒட்டிய மாவை உதறுவதற்குச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு போதும். இப்போது சசிகலா மூன்று தட்டுத் தட்டினாள். சட்டி அதிர்ந்து நிர்மலாவின் கை ஆடும். அவள் ஒன்றும் புரியாமல் ஏறிட்டுப் பார்ப்பாள். சசிகலா களியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகள் வெண்மதி பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "நானும் சித்தி மாதிரி நர்சிங்கே படிக்கறேம்மா" என்றாள். சித்தி மாதிரி. இத்தனை வருஷம் இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்போடு ஆறரை மணி டவுன் பஸ்ஸுக்கு ஓடிய அம்மா அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தெரியவில்லை. "நீ மொதல்ல தட்ட ஒழுங்கா கழுவு" என்று சசிகலா எரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியிலும் இதுவரை கண்ணில் படாததெல்லாம் பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சசிகலாவை 'அக்கா' என்றார்கள், நிர்மலாவை 'சிஸ்டர்' என்றார்கள். இரண்டும் ஒரே அர்த்தம்தான். ஆனால் அக்காவிடம், குடிக்கச் சுடுதண்ணீர் எங்கே பிடிப்பது, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சிஸ்டரிடம், குழந்தைக்கு என்ன காய்ச்சல் என்று கேட்டார்கள். மானேஜர் சந்திரமோகனும் அப்படித்தான். இவளை சசிகலா என்பார், வேலை ஆக வேண்டுமென்றால் 'சசிக்கா' என்பார். நேற்று வந்தவள் அவருக்கும் சிஸ்டர்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனாள். நின்றபடியே பேசினாள்.

"சார், சம்பளம் கொஞ்சம் ஏத்தணும் சார். பொண்ண காலேஜ்ல சேக்கணும்."

"கட்டாயம். நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. நீங்களே சொல்லுங்க, எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

அவர் அப்படி நேராகக் கேட்பார் என்று சசிகலா நினைக்கவில்லை. இருபத்தொண்ணரை என்கிற தொகை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். இருபது என்று சொன்னால் பேராசைக்காரி என்று நினைப்பார். கடையில் கத்திரிக்காய்க்குக்கூட விலை பேசுகிறவளுக்குத் தன் விலையைத் தன் வாயால் சொல்லக் கூசியது.

"நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றாள்.

அவர் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய். வருஷா வருஷம் கொடுக்கிற பொங்கல் புடவையும் உண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பச்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாட்டுக்குப் புண்ணாக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தவன், கையில் ஒட்டிய புண்ணாக்கைக்கூட வழிக்காமல் பொரிந்து தள்ளினான்.

"ஏன்டி, சந்தையில வெலய சொன்னதுக்கு அப்பறம் கட்டக் கடசியா பேசற பேச்சு அது. மொத வார்த்தையே 'பாத்துப் போட்டுக் குடு'ன்னா எவன் குடுப்பான்? மாட்டுக்காரன் அப்புடிச் சொன்னா நானே பாதிக்குப் பாதி அடிச்சிப்புடுவேன்."

"எனக்கு வாய் வரலைங்க."

"வாய் எதுக்கு வரணும்? சந்தையில யாரு வாயால வெல பேசறாங்க? துண்டப் போட்டு வெரலப் புடிச்சிக் காட்டிட்டுப் போறான். மொத புடிக்கறது பத்தாயிரம். அடுத்துப் புடிக்கறது ஆயிரம். பாதி வெரல் அஞ்சூறு. பக்கத்துல நிக்கறவனுக்கு வெல தெரியாது. தெரிஞ்சா அவன் மாட்டுக்கு அதே வெல கேப்பானில்ல? அதுக்குத்தான் துண்டு."

சசிகலா அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"அப்ப எங்க மானேஜரும் துண்டு போட்டுத்தான் வெச்சிருக்காரு. யார் சம்பளத்தையும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

"பின்ன?"

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மாட்டுல எதுக்கு வெல ஜாஸ்தி? மொத கன்னு போடற தலையீத்துக்கா, ரெண்டு மூணு ஈத்து பாத்ததுக்கா?"

"ரெண்டாவது மூணாவது ஈத்துக்குத்தான். பாலு எவ்வளவுன்னு தெரிஞ்சிபோவுது. ஒதைக்குமா நிக்குமான்னு கொணமும் தெரிஞ்சிபோவுது. தலையீத்து கன்னு போட்டாத்தான் தெரியும்."

"அப்ப எனக்கு ஏன் கொறச்சல்?"

பச்சியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ பதினெட்டு ஈத்து ஆயிப்போச்சில்ல" என்று சொல்லிச் சிரித்தான். சொல்லி முடிப்பதற்குள் புண்ணாக்குச் சட்டி அவன் காலடியில் உருண்டது. இரண்டு நாள் அவனுக்கும் பாத்திரங்கள்தான் பதில் சொல்லின.

பொங்கல் முடிந்த வாரம் சித்தேரி மலையிலிருந்து சுமலதா என்கிற பெண் ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றுப்போக்கும். மலை பஸ் ஏறி அரூர் வந்து, அங்கிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் குழந்தையின் கண் குழி விழுந்து, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். நிர்மலா ஊசி எடுத்தாள்.

தண்ணீர் வற்றிப்போன குழந்தைக்கு நரம்பு கிடைப்பது லேசில்லை. தோலுக்குள் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், ஊசி பட்டால் நழுவும். நிர்மலாவுக்குப் பெங்களூரில் பெரியவர்கள் வார்டு. மிஷின்களெல்லாம் அத்துப்படி. குழந்தைக்கு லைன் போடுவது மட்டும் இங்கே வந்து சசிகலாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு வார்டுக் கோடிக்கு வந்தாள்.

"அக்கா, லைன் கெடைக்கலக்கா. ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

சசிகலா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "கையில வேல இருக்குது. நீதான் டிகிரி படிச்சிருக்கியே, போடு" என்றாள்.

நிர்மலா முகம் வாடித் திரும்பிப் போனாள். சசிகலா மடித்த விரிப்பைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள். இருபத்தொண்ணரை வாங்குகிறவள் இருபத்தொண்ணரைக்கு வேலை செய்யட்டும் என்று மனத்துக்குள் ஓடியது. ஒரு விதத்தில் ருசியாகவும் இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே போனது. குழந்தை வீறிட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். சத்தமே வரவில்லை. சத்தம் வராததுதான் அவளை உறுத்தியது. பதினெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்தது அது.

போய்ப் பார்த்தாள். குழந்தையின் இரண்டு கையிலும் சேர்த்து நான்கு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நிர்மலாவின் மூக்கு நுனியில் வியர்வை. சுமலதா இவளைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"எங்க இருந்தக்கா நீ? பெரியவனுக்கு நீதான் ஒரே குத்துல போட்ட. உன்ன நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

சசிகலா மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். குழந்தையின் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடு பண்ணினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணுக்கால் எலும்புக்கு முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து, கண்ணை வேறெங்கோ பார்க்கவிட்டு, தடவித் தடவிப் பார்த்தாள். அங்கே இருந்தது. ஒரே குத்து. ரத்தம் குழாய்க்குள் எட்டிப் பார்த்ததும் நிர்மலா பிளாஸ்திரியை நீட்டினாள். அரை மணி நேரத்தில் குழந்தை அழுதது. சுமலதாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அந்த நான்கு பஞ்சில் இரண்டுதான் நிர்மலாவின் கணக்கு என்று சசிகலாவுக்குத் தெரியும். மற்ற இரண்டும் அவள் விரிப்பு மடித்த பத்து நிமிஷத்தில் விழுந்தவை. அவை தன் கணக்கு. அன்று முழுக்க அந்தக் கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. வெட்கமும் அதுவும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுப்பு. ஓசூரிலிருந்து வந்த மாதவராஜ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் வெயில் இதமாக இருந்தது. ஒரு கூடை அவரைக்காயைக் கொட்டி, சாக்கு விரித்து உட்கார்ந்து, இருவரும் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். நிர்மலாதான் ஆரம்பித்தாள்.

"எம்மேல என்னாக்கா கோவம்? ஒரு மாசமா சரியா பேசறதே இல்ல. நான் எதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

"ஒண்ணும் இல்ல."

"இல்லக்கா. அன்னிக்கி அந்தக் கொழந்தைக்கு நீங்க வேணும்னுட்டேதான் வரல. எனக்குத் தெரியும்."

சசிகலா ஒரு காயை உரித்து, கொட்டையைச் சாக்கிலும் தோலை முறத்திலும் மாற்றிப் போட்டாள்.

"உனக்கு ஆஸ்பத்திரில எவ்வளவு குடுக்கறாங்க?" என்றாள்.

நிர்மலா திகைத்தாள். "அது... சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்கக்கா. கூட வேல செய்யறவங்ககிட்ட பேசுனா வேலைய வுட்டு எடுத்துடுவோம்னு போட்டிருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஏன் கேக்கறீங்க? உங்களுக்கு முப்பதுக்கு மேல இருக்கும்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கும். ஒரே வார்டுல நின்னுட்டு அக்கா இவ்வளவு வாங்கறாங்களேன்னு."

சசிகலா அவளையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பச்சியப்பனின் துண்டை உருவிக்கொண்டு வந்தாள்.

"பேசத்தான கூடாது? கைய நீட்டு."

"என்னாக்கா இது, மாட்டு யாவாரமா?"

"நீட்டு சொல்றேன்."

துண்டைப் போட்டு இரண்டு கைகளையும் மூடினாள். மாட்டுத் தரகர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு விரல் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிர்மலா முதலில் பிடித்தாள். இரண்டு விரல். அப்புறம் ஒன்று. அப்புறம் பாதி. அவள் பொய் சொல்லவில்லை. சசிகலாவுக்குத் தெரிந்த கணக்குத்தான், ஆனாலும் விரலில் பட்டபோது நெஞ்சில் இன்னொரு தடவை அடித்தது.

பிறகு சசிகலா பிடித்தாள். ஒரு விரல். அப்புறம் நான்கு. பொங்கலுக்குப் போட்ட ஐந்நூறையும் விடாமல், பாதி. மிச்ச இருநூறுக்கு விரல் கிடையாது.

நிர்மலா கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

"மொத வெரல சரியாப் புடிக்கலக்கா. மூணுதான?"

"ஒண்ணு."

துண்டுக்கடியில் நிர்மலாவின் கை சில்லிட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. அழுவதிலும் இவளே முந்திக்கொண்டாள் என்று சசிகலாவுக்கு எரிச்சல் வந்தது.

"நீ எதுக்கு அழுவற? அழுவ வேண்டியவ நானு."

"பதினெட்டு வருஷம் கழிச்சி எனக்கும் இப்புடித்தானக்கா பண்ணுவாங்க? அப்ப எவளாச்சும் புதுசா வருவா." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கே போயி கேக்கலாம். நானும் வர்றேன்."

"உன்ன வேலைய வுட்டு எடுத்துட்டா?"

"எடுக்கட்டும். ஹைவேஸ்ல புதுசா கட்டற ஆஸ்பத்திரில ஆள் எடுக்கறாங்க. ரெண்டு பேருமே போலாம்."

அன்று மத்தியானம் பச்சியப்பன் விலை பேசுகிற விதத்தைப் புத்திமதியாக இல்லாமல், பழைய கேலிக்குப் பிராயச்சித்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு விலையைச் சொன்னதும் வாயை மூடிவிட வேண்டும். எதிராளி பேசுகிற வரைக்கும் திறக்கக் கூடாது. விலை கட்டுபடியாகவில்லையென்றால் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட வேண்டும். மாட்டுக்காரன் சந்தை வாசலைத் தாண்டுவதற்குள் முக்கால்வாசிப் பேர் பின்னாலேயே ஓடி வருவார்கள். சசிகலா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

திங்கட்கிழமை மானேஜர் அறைக்குள் இருவரும் நுழைந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் சசிகலா உட்கார்ந்ததில்லை. அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், எனக்கு இருபத்தஞ்சாயிரம் வேணும்."

சந்திரமோகன் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பதானே போட்டோம்? திடீர்னு என்ன?"

"நிர்மலாவுக்கு இருபத்தொண்ணரை குடுக்கறீங்க. எனக்கு அதுக்கு மேல வேணும்."

அவர் முகம் மாறியது. நிர்மலா பக்கம் திரும்பினார். "சிஸ்டர், சம்பளத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பேசல சார்" என்றாள் சசிகலா. "தொட்டுத்தான் பாத்தோம். ஒரு வார்த்த வாயத் தொறக்கல."

தருமபுரிக்காரர்தான் அவரும். புரிந்துகொண்டதற்கு அடையாளமாக உதடு கொஞ்சம் வளைந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்க. அவங்க பி.எஸ்சி., நீங்க டிப்ளமோ. இருந்தாலும் நீங்க பழைய ஆள். டாக்டர்கிட்ட பேசி உங்களையும் அவங்களோட சமமா கொண்டாந்துடறேன். இருபத்தொண்ணரை. சந்தோஷம்தானே?"

ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தத் தொகை தன்னுடையதென்று நினைத்து அவள் கண் கலங்கியிருக்கிறாள். இப்போது அது போதவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவ அஞ்சு வருஷத்துக்கு இருபத்தொண்ணரை சார். எனக்குப் பதினெட்டு. மிச்சம் இருக்கற பதிமூணு வருஷத்துக்கு என்னா வெல?"

அவர் மறுபடியும் டிகிரியைப் பற்றி ஆரம்பித்தார். நிர்மலா குறுக்கே பேசினாள்.

"டிகிரி என்னுதுதான் சார். ஆனா லைன் போடறது அக்கா. அவங்க இல்லாத ஷிப்டுல கொழந்தைங்க வார்டு என்னால பாக்க முடியாது. போன வாரம் சித்தேரிக் கொழந்தைக்கு நாலு தடவ குத்தனேன். அக்கா ஒரே தடவ." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

சசிகலாவின் வாய்க்குள் அந்தப் பழைய வார்த்தை வந்து முட்டியது. பாத்துப் போட்டுக் குடுங்க சார் என்று சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். மானேஜரும் பேசவில்லை. கடைசியில் அவள் எழுந்து, கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றி, அதன் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நிர்மலாவும் பின்னாலேயே எழுந்தாள். கதவைத் தொட்டபோதுதான் குரல் வந்தது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்."

நிர்மலாதான் முதலில் திரும்பினாள், பழக்க தோஷம். அவர் பார்த்தது சசிகலாவை.

தை முடிவதற்குள் அடுத்த சம்பள நாள் வந்தது. அவரைக்கொட்டை முற்றிக் கடைசிப் பறிப்புக்கு வந்திருந்தது. சசிகலாவுக்கு மணிக்கட்டு வலி என்று அன்று நிர்மலா களி கிண்டினாள், சசிகலா சட்டியைப் பிடித்தாள். ஃப்ரிட்ஜ் மேல் 'டிங்' என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு 'டிங்'.

சசிகலா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு போனை எடுத்தாள். திருப்பி முதுகைப் பார்த்தாள். பிளாஸ்திரி இருந்தது, 'ச' இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் திருப்பினாள். இருபத்து மூவாயிரம். கேட்டதற்கு இரண்டாயிரம் குறைவு. இது நியாயமா என்று கேட்டால் இன்னும் இல்லை என்றுதான் அவள் சொல்வாள். ஆனால் இன்னொரு போனை விட அதிகம்.

"எவ்வளவுக்கா போட்டிருக்காங்க?" என்று அடுப்படியிலிருந்து நிர்மலா கேட்டாள்.

சசிகலா வந்து உட்கார்ந்து, துணியோடு சட்டியைப் பிடித்தாள். பிடித்த கையில் இரண்டு விரலை நீட்டினாள், மடக்கினாள், மூன்று விரலை நீட்டினாள்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள் நிர்மலா. மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நாலு சுற்றுக் கிண்டினாள். பிறகு துடுப்பை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவது.

அந்தச் சத்தம் சசிகலாவுக்குத் தெரியும். வாயோரம் வந்த சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.